அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை அணுகாதிருத்தல்

கிராண்ட்போர்ச் வீட்டுமனை நிறுவனத்தின் கிளை உரிம ஒப்பந்தம் நூற்று நாற்பத்தாறு பக்கம். குகன் அதில் மூன்று பக்கம் படித்தார். முதல் பக்கத்தைத் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், கடைசிப் பக்கத்தை எங்கே கையெழுத்துப் போடுவது என்று பார்க்கவும் படித்தார். நடுவில் ஒரு பக்கத்தை, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தன்னைப் பொறுப்பான ஆள் என்று நினைக்க வேண்டும் என்பதற்காகப் படித்தார். பிரிவு பதினேழு அந்த மூன்று பக்கத்திலும் இல்லை.

கிளை உரிமம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடை உங்களுடையது. வாடகை உங்களுடையது. வியாபாரம் படுத்தால் அதுவும் உங்களுடையது. வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை மட்டும் அவர்களுடையது. அந்தப் பலகையின் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கும் பாக்கியத்துக்காக உங்கள் வருமானத்தில் ஒரு பங்கை மாதாமாதம் அனுப்ப வேண்டும். குகன் தான் பிறந்து வளர்ந்த தீவில், பாயான் பாருவில் அப்படி ஒரு கிளை திறந்தார்.

திறப்பதற்கு முன் ஜோர்ஜ் டவுன் பீச் ஸ்ட்ரீட்டில், பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கும் தலைமையகத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. காலையில் எல்லாரும் நெஞ்சில் கைவைத்து, ‘என் உறவே என் சொத்து, என் சொத்தே நம் சொத்து’ என்று உறுதிமொழி சொன்னார்கள். இரண்டாம் நாள் ஆளுக்கு ஒரு தடித்த நோட்டைக் கொடுத்தார்கள். அட்டையில் ‘அன்பு வட்டம்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. உங்களுக்குத் தெரிந்த அத்தனை பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், எத்தனை பிள்ளைகள், வீடு சொந்தமா வாடகையா என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். குறைந்தது இருநூறு பேர்.

குகனுக்கு எழுபத்து நான்கோடு நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர், கூச்ச சுபாவம். அவருக்கு அதற்கு மேல் ஆட்களைத் தெரியாது. அவருடைய அப்பா ராமதாஸுக்குத் தெரியும்.

ராமதாஸ் முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்தவர். தீவில் அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. அதைவிட முக்கியம், அவர் போகாத சாவு வீடு கிடையாது. ஆயர் ஈத்தாமில் யாராவது தவறிப்போனால் பட்டர்வர்த்தில் இருக்கும் சொந்தக்காரனுக்கு முன்னால் ராமதாஸ் அங்கே நாற்காலி விரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். தமிழன், சீனன், மலாய்க்காரன் என்று பார்க்க மாட்டார். “கல்யாணத்துக்குப் போகலன்னா சாரி சொல்லிக்கலாம், சாவுக்குப் போகலன்னா யாருகிட்ட போய் சாரி சொல்றது?” என்பார்.

மகன் நோட்டை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்த அப்பா, மகள் ஜெகதீஸ்வரியின் கல்யாண மொய்ப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல மகன் எழுதினார். இரண்டு நாளில் அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர். எண் ஒன்று ராமதாஸ் தானே. முதல் பெயராகத் தன் பெயரைப் போடச் சொன்னதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எண் இரண்டு அம்மா வடிவம்மாள். எண் மூன்று அக்கா ஜெகதீஸ்வரி. நிறுவனத்தின் வரலாற்றிலேயே மிக நீளமான அன்பு வட்டம் என்று குகனுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மனிதன் தனக்குத் தெரிந்த அத்தனை பேரையும் தன் கையாலேயே எழுதி, தன் கையாலேயே அடுத்தவனிடம் கொடுத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

ஐந்து வருஷத்தில் வியாபாரம் படுத்தது. குகன் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கடல் தாண்டி ஜுருவில் ஒரு டயர் கடையில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தார். இனி வீடு விற்கப் போவதில்லை, வாங்கப் போவதுமில்லை என்று நிம்மதியாக இருந்தார். அப்போதுதான் பிரிவு பதினேழு வீட்டுக் கதவைத் தட்டியது.

அது சொல்வது இதுதான். அன்பு வட்டத்தில் உள்ளவர்கள் குழுமத்தின் வாடிக்கையாளர்கள். கிளை உரிமையாளர் விலகிய நாளிலிருந்து இருபத்து நான்கு மாதங்களுக்கு அவர்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ அணுகக் கூடாது. அணுகுதல் என்பது பேச்சு, கடிதம், தொலைபேசி, வாட்ஸ்அப், மூன்றாம் நபர், சைகை, மற்றும் குழுமம் அவ்வப்போது அணுகுதல் என்று கருதும் எதுவும். மீறினால் ஆளுக்கு ஐயாயிரம் வெள்ளி அபராதம்.

முதல் கடிதம் தைப்பூசம் முடிந்த வாரம் வந்தது. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், ஒரு தண்ணீர்ப் பந்தலில் குகன் மோர் ஊற்றிக் கொடுக்கும் படம் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. ‘தாங்கள் எண் 204-க்கு மோர் வழங்கியது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. வெயில் நேரத்தில் வழங்கப்படும் மோர் ஒரு தூண்டுதலாகும்’ என்றது கடிதம். இரண்டாவது, ஜெலுத்தோங்கில் முடிவெட்டும் கடைக்காரரான எண் 57 சொன்ன ஏதோ ஒன்றுக்குக் குகன் தலையாட்டியதைப் பற்றியது. கத்தி காதுக்குப் பக்கத்தில் இருந்ததால் அசையவே இல்லை என்று குகன் பதில் எழுதினார். அசையாமல் இருந்ததும் ஒப்புதலின் ஒரு வகை என்று மறுகடிதம் வந்தது. அன்றிலிருந்து அவர் வேலை முடிந்ததும் சுங்கை பாக்காப் வரை காடி ஓட்டிப்போய், முன்பின் தெரியாத ஒருவரிடம் முடிவெட்டிக்கொண்டார்.

இதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்பீர்கள். தீவில் கிராண்ட்போர்ச்சுக்குப் பதினொரு கிளை, கிளைக்கு முப்பது முகவர், ஆளுக்கு இரண்டு ஃபோன். நல்ல படமாக எடுத்துக் கொடுப்பவருக்கு மாதக் கூட்டத்தில் ‘காவல் நட்சத்திரம்’ குத்துவார்கள்.

பயந்துபோன குகன், பெற்றோர் வீட்டில் வசிக்கும் தான் அவர்களோடு பேசலாமா என்று எழுதிக் கேட்டார். பெருந்தன்மையோடு பதில் வந்தது. ஒரே கூரையின் கீழ் வசிப்போர் வீட்டு விஷயங்களைப் பேசிக்கொள்ளலாம். வீட்டைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. அடுப்படிக் கூரை ஒழுகியபோது குகன் அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்தார். அப்பா வாளியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். “என்னாடா ஆச்சு உனக்கு?” என்றார். குகன் வெளியே போய்விட்டார்.

பதினான்காம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ராமதாஸ் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். டாக்டர் வந்து பார்த்துக் கையை விரித்தார். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருந்து ஜெகதீஸ்வரி ஓடிவந்தாள். பத்து லஞ்சாங் மின்சுடலையில் அன்று மாலை நான்கரை மணிக்கு ஒரு நேரம் இருந்தது. அதை விட்டால் வெள்ளிக்கிழமைதான் என்றார்கள். அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது. மாலையே என்று முடிவானது.

வடிவம்மாள் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

“தம்பி, எல்லாருக்கும் சொல்லிடு. யார் வீட்டு சாவையும் விடாத மனுசன். இவரு போறப்ப வாசல் காலியா இருந்துச்சுன்னா என்னால தாங்க முடியாதுப்பா.”

குகன் ஃபோனை எடுத்தார். நம் ஊரில் சாவுச் செய்தி எப்படி அனுப்புவோமோ அப்படியே எழுதினார். அப்பாவின் படம், வீட்டு முகவரி, புறப்படும் நேரம், தொடர்புக்குத் தன் எண். அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றுவிட்டது. குடும்பக் குழுவில் இருந்த அத்தனை பேரும் பட்டியலில் இருந்தார்கள்.

அந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? பொத்தானை அழுத்திவிட்டு வருவது வரட்டும் என்று இருந்திருப்போம். குகன் அப்படியில்லை. பதினான்கு மாதமாகக் கடிதம் வாங்கி வாங்கி, மூச்சு விடுவதற்கும் அனுமதி கேட்கும் ஆளாக அவரை ஆக்கி வைத்திருந்தார்கள். செய்தியை முதலில் கிராண்ட்போர்ச்சின் ஒழுங்குப் பிரிவுக்கு அனுப்பி, ‘இதை அனுப்பலாமா?’ என்று கேட்டார். வாழ்க்கையில் அவர் செய்த இரண்டாவது பெரிய தவறு அது.

ஒரு மணி நேரத்தில் ஒழுங்குப் பிரிவே நேரில் வந்தது. அதன் பெயர் லினெட். முப்பது வயதுப் பெண், சாவு வீட்டுக்கென்றே கறுப்புக் கோட்டு, தோளில் மடிக்கணினிப் பை. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டிக்கு முன் ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மிஸ்டர் குகன், ரொம்ப சாரி. எண் ஒன்னு இப்படித் திடீர்னு போவாருன்னு நாங்க யாரும் எதிர்பார்க்கல.”

“அவர் என் அப்பா.”

“தெரியும் சார், ரெக்கார்டுல இருக்கு. இப்ப பிரச்சினை உங்க மெசேஜ்தான். ஒரு படம், ஒரு வீட்டு அட்ரஸ், இத்தனை மணிக்கு வாங்கன்னு டைம், கொன்டெக் பண்ண உங்க நம்பர். நீங்களே சொல்லுங்க, ஓப்பன் ஹவுஸ் விளம்பரத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

குகன் செய்தியை மறுபடியும் படித்துப் பார்த்தார். வித்தியாசம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

“செத்துப்போயிட்டாருன்னு போட்டிருக்கே...” என்றார்.

“அதான் சார் இன்னும் சீரியஸ். ஓனர் இறந்துட்டார்னா அந்த வீடு மார்க்கெட்டுக்கு வரலாம்னு அர்த்தம். நீங்க வீட்டு முகவரியோட அறுநூறு கிளையண்டுக்கு அதை அனுப்புறீங்க.”

“நான் டயர் கடையில வேலை செய்யுறேன்மா.”

“இன்னிக்கு,” என்றாள் லினெட்.

ஜெகதீஸ்வரி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருஷமாகக் குமாஸ்தா. “அவன் அனுப்ப வேணாம். நான் அனுப்புறேன்” என்றாள். அது ‘மறைமுகமாக’ என்ற சொல்லுக்குள் வருகிறது என்றாள் லினெட். பக்கத்து வீட்டு நூர் ஃபாத்திஹா அனுப்பினால்? அது ‘மூன்றாம் நபர்’. சரி, யாருமே அனுப்பாமல் ஆட்களுக்குத் தானாகத் தெரிந்தால்? அப்படித் தெரிந்ததற்கு யார் காரணம் என்று விசாரணை வைக்க வேண்டியிருக்கும்.

“நாங்க மனசாட்சி இல்லாதவங்க இல்ல சார்,” என்று லினெட் பையைத் திறந்தாள். “உங்களுக்காக மேலிடத்துல பேசி, நாங்களே செய்தி அனுப்ப பெர்மிஷன் வாங்கியிருக்கேன். ஃப்ரீ.”

தாளை நீட்டினாள். மேலே கிராண்ட்போர்ச்சின் சின்னம், அதன் கீழே ‘ஆழ்ந்த துயரத்துடன் வழங்குவது’ என்ற வரி. அப்பாவின் படத்தைவிட ஒரு முகவரின் படம் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தது. தொடர்புக்கு அந்த முகவரின் எண். அடியில், ‘உங்கள் வீடும் உங்களுக்கு இப்போது பெரிதாகத் தோன்றுகிறதா? எங்களோடு பேசுங்கள்.’

வடிவம்மாள் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். நான்காக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த குத்துவிளக்கின் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்தார். “இப்ப ஆடல” என்று மட்டும் சொன்னார்.

மணி பதினொன்று ஆகியிருந்தது. வாசலில் போட்டிருந்த ஐம்பது நாற்காலியில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் நாற்காலி வாடகைக்கு விடுபவர். குகனால் அந்த வாசலைப் பார்க்க முடியவில்லை. அப்பாவின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எல்லாம் தன்னால்தான், தன் கையெழுத்தால்தான் என்று அவருக்குப் பட்டது.

ஜெகதீஸ்வரி தம்பியின் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, செத்த அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். அந்த நூற்று நாற்பத்தாறு பக்கத்தையும் படித்த முதல் மனித ஜீவன் அவளாகத்தான் இருக்க வேண்டும். பகல் பன்னிரண்டரைக்கு நிமிர்ந்தாள்.

“இங்க பாரு. பதினேழு, உட்பிரிவு ஒன்பது. ‘குறிப்பிட்ட எவரையும் குறிவைக்காத பொது அறிவிப்பு, அணுகுதல் ஆகாது.’”

“பேப்பர்ல விளம்பரம் போடலாம்,” என்று லினெட் ஒப்புக்கொண்டாள். “நாளைக்குக் காலையில வரும்.”

“பேப்பர் வேணாம்,” என்றாள் ஜெகதீஸ்வரி. “டேய் ஷர்வின்!”

ஷர்வின் உறுமி மேளக் குழுவின் தலைவன். பிணம் எடுக்கும்போது அடிப்பதற்காக ஏழு பேரோடு வந்து, லோரியில் உட்கார்ந்து ஆறிப்போன மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“லோரியை எடு. ஜெலுத்தோங், க்ரீன் லேன், ஆயர் ஈத்தாம், ஒரு ரோடு விடாத. அடிச்சுக்கிட்டே போ. பேரு சொல்லாத, அட்ரஸ் சொல்லாத. யாராச்சும் கேட்டா மட்டும், போஸ்மேன் ராமதாஸ்னு சொல்லு.”

“கேட்டா சொல்லலாமாக்கா?”

“அவங்க உன்னை அணுகுறாங்க. நீ அணுகல.”

லினெட் தலைமையகத்துக்கு அழைத்தாள். உறுமி என்றால் என்ன என்று தலைமையகம் கேட்டது. அவள் ஃபோனை வாசல் பக்கம் நீட்டினாள். லோரியில் இருந்த அத்தனை உறுமியும் ஒன்றாக அதிர்ந்தன. சட்டப் பிரிவு கூடிப் பேசியது. அந்தச் சத்தம் தமிழர்களைக் குறிவைக்கிறது என்று ஒருவர் சொன்னாராம். சீனர்களும் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள், ஆகவே பொதுவானதுதான் என்று இன்னொருவர் சொன்னாராம். முடிவு எடுப்பதற்குள் லோரி ஜெலுத்தோங் சாலையைத் தாண்டிவிட்டது.

ஒரு மணிக்கு முதல் ஆள் வந்தார், முடிவெட்டும் கடைக்காரர். பாதி வெட்டிய தலையோடு அவருடைய வாடிக்கையாளரும் பின்னாலேயே வந்தார். பிறகு மார்க்கெட் மீன்காரர், சர்ச்சில் பாடும் கிழவர் ஹென்றி, ஷேக் அலாவுதீன் தன் நாசி கண்டார் சோற்றுக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு. தனக்கு மணியார்டர் கொண்டுவந்து கொடுத்தவர் என்று சொன்ன ஒரு சீனப் பாட்டியைப் பேரன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். யார் யாரிடமோ கேட்டு யார் யாரோ வந்தார்கள். குகன் வாசலில் நின்று, யாரையும் வாங்க என்று சொல்லாமல், கைகூப்பாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதார். அழுவது சைகையில் சேருமா என்று அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது.

இரண்டு மணிக்கு, இனி தாங்காது என்று டத்தோ பட்டம் பெற்ற வட்டாரத் தலைவர் பேட்ரிக் நேரில் வந்தார். கூட ஆறு முகவர்கள், மடக்கு மேசை இரண்டு, நிறுவனத்தின் பெயர் போட்ட குடை ஒன்று. மேசைகளைக் கேட்டின் வாயிலிலேயே, ஒரு ஆள் மட்டும் நுழையும்படி போட்டார்கள். ஏற்கெனவே வாசலுக்குள் வந்திருந்தவர்களையும் வெளியே அனுப்பி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே போக விரும்புகிறவர்கள் ‘சுயவிருப்ப வருகைப் பிரகடனம்’ என்ற நான்கு பக்கப் படிவத்தை நிரப்ப வேண்டும். நான் குகனால் அழைக்கப்படவில்லை. இறந்தவரை எனக்கு இவ்வளவு வருடமாகத் தெரியும். என் தற்போதைய வீடு சொந்தமா, வாடகையா. அறைகள் எத்தனை. அடுத்த ஐந்து வருடத்தில் இடம் மாறும் எண்ணம் உண்டா.

சாவு வீட்டுக்கு வருகிறவன் வாசலில் தகராறு செய்ய மாட்டான். அது அவர்களுக்குத் தெரியும். ஜனங்கள் சட்டைப்பையைத் தடவிப் பேனா தேடினார்கள். வரிசை கேட்டிலிருந்து தொடங்கி, சந்து முழுக்க ஓடி, பெரிய சாலை முனையில் போய் நின்றது. ஒரு ஆளுக்கு ஆறு நிமிடம் பிடித்தது.

வரிசை நகராமல் நின்றதால் டத்தோவுக்குக் கூட்டம் கிடைத்தது. கூட்டம் கிடைத்ததால் பேசினார். ஒலிபெருக்கியும் கொண்டுவந்திருந்தார்.

“அன்பர்களே! அமரர் ராமதாஸ் அவர்களை நான் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் எங்கள் பட்டியலில் அவர் எண் ஒன்று. எண் ஒன்று என்பது சாதாரண இடம் அல்ல. இறப்பு என்பது முடிவல்ல, அன்பர்களே. அது ஓர் உரிமை மாற்றம்.”

யாரோ இருமினார்கள்.

“சிலர் கேட்கிறார்கள், ஒரு மகன் தன் அப்பா இறந்ததைச் சொல்லக் கூடாதா என்று. சொல்லலாமே! தனக்குச் சொந்தமானவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் நீங்கள் யாருக்குச் சொந்தம்? உங்களைத் தேடிக் கண்டுபிடித்தது யார்? நாங்கள். அதாவது, குகன் எழுதினார். ஆனால் நோட்டு எங்களுடையது. உறவு என்பது காற்றைப் போலக் கிடந்தது அன்பர்களே, நாங்கள்தான் அதற்கு எண் போட்டோம். எண் இல்லாத உறவை யார் பாதுகாப்பது? இன்று உங்களை யாரும் தொந்தரவு செய்யாமல், உங்கள் அப்பா, உங்கள் மாமா, உங்கள் நண்பர் யாரும் உங்களை அணுகாமல், நாங்கள் பாதுகாக்கிறோம். இதற்காக உங்களிடம் நாங்கள் ஒரு காசு கேட்டதுண்டா? வீடு விற்கும்போது மட்டும்தான் கேட்கிறோம்.”

ஆறு முகவர்களும் கைதட்டினார்கள். சாவு வீடு என்று நினைவு வந்து மெதுவாகத் தட்டினார்கள்.

மணி மூன்று. உள்ளே போய் முகம் பார்த்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. மின்சுடலைக்குப் போகும் வண்டி சந்து முனையில் வந்து நின்று, ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்தார். நான்கரைக்கு அங்கே இல்லையென்றால் வெள்ளிக்கிழமை என்றார். ஐயர் அவசர அவசரமாகக் காரியங்களை முடித்தார். கேட்டுக்கு வெளியே, வெயிலில், நானூறு பேருக்கு மேல் கையில் படிவத்தோடு நின்றார்கள். சீனப் பாட்டியின் பேரன் ‘அறைகள் எத்தனை’ என்ற இடத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.

வடிவம்மாள் வாசலுக்கு வந்து பார்த்தார். கேட்டைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். வரிசையைக் கண்ணுக்கெட்டிய வரை பார்த்தார். உள்ளே திரும்பி வந்தார்.

“தம்பி, அவங்க உள்ள வர முடியலைன்னா இவரைத் தூக்கிக்கிட்டுப் போங்கடா. மூடியைப் போடாதீங்க. நேரா வண்டிக்குப் போகாதீங்க. வரிசையோட போங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் நில்லுங்க.”

குகன் தலைமாட்டைப் பிடித்தார். ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த ஷர்வின் உறுமியைக் கழற்றி வைத்துவிட்டுக் கால்மாட்டைப் பிடித்தான். குழுவில் இருந்த இன்னும் நான்கு பேர் பக்கத்துக்கு இரண்டாகப் பிடித்தார்கள். திறந்த பெட்டி வாசலைத் தாண்டி கேட்டுக்கு வந்தது. வழியில் மேசை இருந்தது. பெட்டி நிற்கவில்லை, மேசைதான் நகர்ந்தது. படிவங்கள் சாக்கடையில் விழுந்தன.

லினெட் எழுந்து ஓடிவந்தாள். “மிஸ்டர் குகன்! நீங்க லிஸ்ட்ல உள்ளவங்ககிட்ட நேரா போறீங்க! ஒவ்வொருத்தரா போறீங்க! இது க்ளியர் பிரீச்!”

“அவன் எங்க போறான்?” என்றாள் ஜெகதீஸ்வரி. “அவன் பெட்டியைத் தூக்குறான். போறது எங்க அப்பா. அவரு உங்க பேப்பர் ஒன்னுலயும் கையெழுத்துப் போடல. வேணும்னா அவர்கிட்ட கேட்டுக்கங்க.”

லினெட் அங்கேயே நின்று மடிக்கணினியைத் திறந்து, பிணம் அணுகுவதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். நூற்று நாற்பத்தாறு பக்கத்தில் அதை மட்டும் எழுத மறந்திருந்தார்கள்.

பெட்டி வரிசையோடு நகர்ந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் இறக்கிப் பிடித்தார்கள். ஒவ்வொருவரும் குனிந்து முகம் பார்த்தார்கள், பூ போட்டார்கள். சொந்தக்காரர்கள் வாய்க்கரிசி போட்டார்கள். ஷேக் அலாவுதீன் தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் ஏந்தினார். ஹென்றி தன் பாட்டை முணுமுணுத்தார். சீனப் பாட்டி கையை நீட்டி ராமதாஸின் சட்டைக் காலரை நேராக்கிவிட்டார். குகனுக்குத் தோள் வலித்தது. பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவர் எண் 57-ன் முகத்தை நேராகப் பார்த்தார், எண் 204-ன் முகத்தைப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்து அழுதார்கள். யாரும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெண்கள் சந்து முனை வரைதான் போவது வழக்கம். வரிசையும் அதுவரைதான் இருந்தது. வடிவம்மாள் பெட்டியோடு கூடவே நடந்து வந்தார்.

வரிசையின் கடைசி ஆளுக்குப் பக்கத்தில், வண்டிக்கு முன்னால், டத்தோ பேட்ரிக் வந்து நின்றிருந்தார். நானூறு பேர் பார்க்கிறார்கள், ஃபோன்கள் படம் பிடிக்கின்றன. இனி தடுப்பதைவிடக் கலந்துகொள்வது நிறுவனத்துக்கு நல்லது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். குடையை முகவரிடம் கொடுத்துவிட்டு, யாரிடமோ கைநிறைய ரோஜா இதழ் வாங்கிக்கொண்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு பெட்டியின் பக்கம் குனிந்தார். ஒரு முகவர் படமெடுக்க வசதியாக எதிரே போய் நின்றார்.

வடிவம்மாள் அவர் கைக்கும் பெட்டிக்கும் நடுவில் தன் கையை வைத்தார்.

“யாருங்க நீங்க?”

“அம்மா, நான் டத்தோ பேட்ரிக். கிராண்ட்போர்ச் வட்டாரத் தலைவர்.”

“அந்த லிஸ்ட்டு எங்க வீட்டுக்காரர் வாயால ஒவ்வொரு பேரா சொன்னது. பக்கத்துல உக்காந்து நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்,” என்றார் வடிவம்மாள். “அதுல உங்க பேரு இல்ல. தள்ளி நில்லுங்க.”

டத்தோ கையில் பூவோடு தள்ளி நின்றார். பெட்டியை வண்டியில் ஏற்றி மூடினார்கள். மணி நாலு ஐந்து ஆகியிருந்தது. பத்து லஞ்சாங் பக்கம்தான், நேரத்துக்குப் போய்விடலாம் என்றார் ஓட்டுநர்.